உத்தரவாதம் ஏதுமில்லை

சம்பளமில்லாத வேலை.
அதனால் எனக்குப் பிடித்த நேரத்தில் செய்தேன்.
உவர்மலையில் வாடகை அறை, மின்வெட்டு,
மடிக்கணினியில் மீந்திருந்த நாற்பது வீதம்.
மீன் நிறை, ஐஸ் கடன், படகுப் பங்கு
மூன்றையும் ஒரே கணக்கில் கோர்க்கும் சின்ன மென்பொருள்.
யாரும் கேட்கவில்லை.
கேட்காததுதான் அதன் ருசி.

மூலநிரலைத் திறந்து விட்டேன்,
கோட்டைப் பக்கத்து மான்களைப் போல.
யாருடையதும் அல்ல, யாரும் தொடலாம்.
உரிமத்தின் கடைசிப் பத்தி மட்டும் தடித்த எழுத்தில்:
உத்தரவாதம் ஏதுமில்லை.
எந்த இழப்புக்கும் ஆக்கியோர் பொறுப்பல்லர்.

மூன்று மாதத்தில் சல்லி, நிலாவெளி, கிண்ணியா.
எப்படிப் போனதென்று எனக்கே தெரியாது.
பிறகு தொடங்கியது.
"சிங்களத்திலயும் வேணும்."
"கடன்காரன்ட பேர் சிவப்பில விழுது, அவருக்குக் கோவம் வருது."
"பங்கு பிரிக்கேக்க முதலாளிக்கு ஒண்டு கூட வாற மாதிரிச் செய்யேலுமா?"
(இதற்கு மட்டும் சிரித்தேன்.)
சல்லியிலிருந்து தவநேசன்:
"புதுசில பொத்தான் சின்னன். எங்கட கை ஈரம்.
பழசு மாதிரி ஆக்கித் தாங்கோ சேர்."

நான் சேர் இல்லை.
அந்த வாரம் அடித்தளத்தையே பிடுங்கி
மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன்.
முந்நூறு வரியை நாற்பதுக்கு இறக்கிய இரவு
எழும்பி அறைக்குள் நடந்தேன்,
தனியே, ராணி மாதிரி.
பொத்தானாம்.
எழுதினேன்: "நிரல் திறந்துதான் கிடக்கிறது.
வேண்டுமானால் நீங்களே மாற்றலாம்."
"கதவு திறந்திருக்கு எண்டு தெரியும்" என்றார் அவர்.
"உள்ள வந்தா எது சுவர், எது வாசல் எண்டுதான் தெரியேல்ல."

பதில் போடவில்லை.
கோபம் இல்லை. வெட்கம் என்றும் சொல்லமாட்டேன்.

ஆவணியில் ஒரு விடியல். அக்கா வீட்டுக்கு விருந்தாளிகள்,
பாரை வாங்கச் சல்லிக்குப் போனேன்.
ஐஸ் கொட்டிலில் ஒருவர்
ஷொப்பிங் பைக்குள் போனைக் கட்டி வைத்திருந்தார்.
பெருவிரல் முழுக்கச் செதில்.
சுண்டுவிரல் முட்டியால் என் பொத்தானைத் தட்டினார்.
தவறியது.
தட்டினார்.
பக்கத்து எண் விழுந்தது.
அருகே நனைந்த சீ.ஆர். கொப்பி, நூலில் கட்டிய பென்சில்.
எல்லாவற்றையும் இரண்டு தரம் எழுதுகிறார்.
விரிந்திருந்த பக்கத்தில் ஒரு நாளைச் சுற்றி வட்டம்:
சூரை பதினேழு கிலோ. போனில இல்ல. என்ட கைக்காசு.

திகதி எனக்கு மனப்பாடம்.
ராணி மாதிரி நடந்த இரவின் மறுநாள்.

"பாரை என்ன விலை?" என்றேன்.
சொன்னார். நான் யாரென்று சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் காசு வேண்டாமென்று
ஐஸ் போட்டுத் தந்திருப்பார்.
அதைத்தான் தாங்கியிருக்க மாட்டேன்.

திரும்பும் வழியில் பஸ் நிலையத்தடியில்
ஒரு மான் லஞ்ச் சீற்றைத் தின்றுகொண்டிருந்தது.
யாருடைய மானும் இல்லை.
ஸ்கூட்டரை நிறுத்தி, வாயிலிருந்து இழுத்தேன்.
பாதிதான் வந்தது.
அது அடுத்த சாப்பாட்டுக் கடைக்கு நடந்தது.

அன்றிரவு பொத்தானைப் பெரிதாக்கினேன்.
கடனுக்காக அல்ல, அவர் கேட்டதற்காகவும் அல்ல.
முட்டியாலும் ஒருவர் எண் அழுத்துவார் என்பதைக்
கண்டுவிட்டேன், அவ்வளவுதான்.
சிவப்பு சிவப்பாகவே இருக்கும்.
முதலாளிக்குக் கூடப் பங்கு கிடையாது.
சிங்களத்துக்கு,
தெரிந்த யாராவது வந்து செய்யட்டும், கதவு திற

அந்த வரியை அழித்தேன்.
"வாங்கோ, எது சுவர் எண்டு காட்டுறன்" என்று போட்டேன்.
இன்னும் யாரும் வரவில்லை.

உரிமத்தின் கடைசிப் பத்தியில் கை வைக்கவில்லை.
தவநேசன் இப்போதும் கொப்பியில் எழுதுகிறாரா என்று
பார்க்கப் போகவுமில்லை.
எழுதுவார்.
நானென்றாலும் எழுதுவேன்.